கொரியப் பழமொழிகள்: எங்கே தொடங்குவது, எதை யாரிடம் சொல்வது

கொரிய மொழிப் பாடநூல்கள் பலவற்றின் பின்பக்கங்களில் பழமொழிப் பட்டியல் ஒன்று இருக்கும். இடப்பக்கம் பழமொழி, வலப்பக்கம் பொருள். அதை அப்படியே மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். பட்டியலை முழுக்க ஒப்பிக்கத் தெரிந்தும், பேச்சு நடுவே ஒன்றைக்கூட எடுத்துவிட முடியாமல் முழிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பொருள் தெரியும். யார் யாரிடம், என்ன நடந்தபோது சொல்வது என்பது தெரியாது. பட்டியலில் அது இருக்காது.

கொரிய எழுத்தான ஹங்குலைத் தட்டுத்தடுமாறியாவது படிக்கத் தெரிந்து, சின்னச் சின்ன வாக்கியங்கள் பேச ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சப்டைட்டிலோடு கொரியத் தொடர் பார்ப்பவராக இருக்கலாம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கொரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். ஈ.பி.எஸ். திட்டத்தில் கொரியாவுக்கு வேலைக்குப் போகத் தயாராகும் இலங்கைக்காரராகவும் இருக்கலாம். சொலவடையோடு வளர்ந்த நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரு பொறியும் உண்டு. பொறி மூன்றாவது படியில் வருகிறது.

படி 1: ஒலியைப் பிடியுங்கள்

பழமொழிக்குக் கொரிய மொழியில் 'சொக்தம்' என்று பெயர். நோட்டில் எழுதும்போது ஹங்குலிலேயே எழுதுங்கள். இங்கே நான் தமிழ் எழுத்தில் தருவது ஏறக்குறைய உச்சரிப்பைக் காட்டத்தான். ஆனாலும் தமிழ் எழுத்து இதற்கு மோசமில்லை. 'கடல்' என்பதில் வரும் 'க'வும் 'தங்கம்' என்பதில் வரும் 'க'வும் நமக்கு ஒரே எழுத்து, ஒலி வேறு. கொரியரின் சாதாரண க, த, ப எழுத்துகளும் இதே போல இடத்துக்கேற்ப மாறும். 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, குற்றியலுகரம், அதற்கு மிக நெருக்கமான உயிரெழுத்து ஒன்றும் அவர்களிடம் உண்டு. மற்ற மொழிக்காரர்கள் அதற்குப் படும் பாட்டை நாம் படவேண்டியதில்லை.

முதல் பழமொழியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஷிஜகி பனிதா'. தொடக்கமே பாதி. இரண்டே சொல். "இப்போதுதான் கொரிய மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன்" என்று ஒரு கொரியரிடம் சொல்லிப் பாருங்கள், பதிலாக இதுவே வர நல்ல வாய்ப்பு உண்டு.

படி 2: ஒரு கைப்பிடி போதும்

அன்றாடம் காதில் விழுகிறவற்றை மட்டும் முதலில் எடுங்கள். என் தேர்வு இது. வேறொருவர் வேறு சொல்லலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு, 'கும்காங்சான்தோ ஷிகூக்யொங்'. கும்காங் மலையே ஆனாலும் சாப்பிட்ட பிறகுதான் பார்ப்போம் என்பது கருத்து. கொரியத் தீபகற்பத்தின் பேரழகு மலை என்று பேர்பெற்ற கும்காங், 1,638 மீட்டர் உயரச் சிகரத்தோடு வடகொரியாவில் இருக்கிறது. தென்கொரியர்களுக்கான சுற்றுலா 1998இல் தொடங்கி 2008இல் நின்றுபோனது. மலைக்குப் போக வழியில்லாத தலைமுறையும் பழமொழியை விடவில்லை. கூட்டம் நீண்டு மதியம் பன்னிரண்டைத் தாண்டும்போது யாராவது இதைச் சொன்னால், எழுந்திருங்கள் என்று அர்த்தம்.

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவரே வந்து நின்றால், நாம் "நூறு ஆயுசு" என்போம். கொரியர்கள், 'புலியும்கூடத் தன்னைப் பற்றிப் பேசினால் வந்துவிடும்' என்பார்கள். கொரியச் சொலவடைகளில் புலி வராத பக்கமே இருக்காது. 1988 சோல் ஒலிம்பிக்கின் சின்னமே ஹொதொரி என்ற புலிக்குட்டிதான்.

பேச்சைப் பற்றியவை இன்னொரு கூட்டம். 'கனுன் மரி கொவயா ஒனுன் மரி கொப்தா': போகிற பேச்சு இனிமையாக இருந்தால்தான் வருகிற பேச்சும் இனிமையாக இருக்கும். அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்வது, இரண்டு பேர் எகிறிக்கொள்ளும்போது மூன்றாமவர் சொல்வது. 'பகல் பேச்சைப் பறவை கேட்கும், இரவுப் பேச்சை எலி கேட்கும்' என்று ஒன்று இருக்கிறது. "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

செய்தி படிப்பவர்களுக்கு ஒன்று: 'திமிங்கலச் சண்டையில் இறாலின் முதுகு வெடிக்கும்'. அமெரிக்காவும் சீனாவும் வரி போட்டு மோதிக்கொள்ளும்போதெல்லாம் கொரிய நாளிதழ்கள் தங்கள் நாட்டை அந்த இறாலாகப் பார்க்கும். தலைப்பில் முழுதாக வராது. 'இறால் முதுகு' என்று மட்டும் இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிம்ச்சிச் சாறு (கிம்ச்சி என்பது காய்கறியை உப்பிட்டுப் புளிக்கவைத்த கொரிய ஊறுகாய்). இதைப் புரிந்துகொள்ள முதலில் த்தொக் தெரிய வேண்டும் (நம் தக்காளித் தொக்கு அல்ல). அரிசியை மாவாக்கி ஆவியில் வேகவைத்துச் செய்யும் பலகாரம். சில வகைகளைப் போட்டு இடித்து இழுவையாக்குவார்கள். நெஞ்சை அடைக்கும். அதனால் பக்கத்தில் நீர்க் கிம்ச்சியின் புளித்த சாறு ஒரு கிண்ணம் இருக்கும். ஒரு வாய் த்தொக், ஒரு மடக்குச் சாறு. இப்போது காட்சியைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் த்தொக் அவிக்கிற வாசனை வருகிறது. நமக்கும் ஒரு தட்டு வரும் என்று நினைத்து ஒருவர் முன்கூட்டியே சாற்றைக் குடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கொடுக்க வேண்டியவருக்கோ அந்த நினைப்பே கிடையாது. 'த்தொக் கொடுக்கிறவர் நினைக்கவே இல்லை, இவர் கிம்ச்சிச் சாற்றை முதலில் குடிக்கிறார்.'

நேர்காணல் முடிந்த மறுநாளே சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவரிடம் இதைச் சொல்வார்கள். பெண் ஒருமுறை சிரித்தாள் என்பதற்காகக் கல்யாண மண்டபம் பார்க்கிறவரிடமும் சொல்வார்கள். நடைமுறையில் வருவது சுருங்கிய வடிவம்: 'கிம்ச்சிக்குக் மஷிஜி மா'. மனக்கோட்டை கட்டாதே என்கிற இடம். நண்பர்களுக்குள் மட்டும், அந்த 'மா' நம் 'வாடா போடா' அளவு நெருக்கமான ஏவல்.

த்தொக்கை வைத்து இன்னும் பல உண்டு. அடுத்தவன் த்தொக் பெரிதாகத் தெரியும் (இக்கரைக்கு அக்கரை பச்சை). பிடிக்காதவனுக்கு ஒரு த்தொக் கூடுதலாகக் கொடு. ரொம்பச் சுலபமான வேலை என்றால், 'படுத்துக்கொண்டு த்தொக் தின்பது'. அந்த ஒட்டுப் பலகாரத்தைப் படுத்துக்கொண்டு தின்பதில் என்ன சுலபமோ, எனக்கு விளங்கியதே இல்லை.

படி 3: நம் பழமொழியோடு ஒட்டிப் பார்க்கும்போது கவனம்

தமிழர்களுக்கு இது பெரிய குறுக்குவழி. கிணற்றுத் தவளை அங்கேயும் கிணற்றுத் தவளைதான். 'மூன்று வயதுப் பழக்கம் எண்பது வரை' என்பது நம் தொட்டில் பழக்கம். 'பிறந்த நாய்க்குட்டிக்குப் புலி பயம் தெரியாது' என்பது இளங்கன்று பயமறியாது. 'நோயும் கொடுத்து மருந்தும் கொடுப்பது' என்றால், பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர் உடனே நினைவுக்கு வருவார். 'மூட்டாத புகைபோக்கியில் புகை வருமா', 'பசு மாட்டின் காதில் சூத்திரம் ஓதுவது' எல்லாம் இந்த வகை. சொந்தக்காரர் நிலம் வாங்கினால் நமக்கு வயிறு எரியும், கொரியருக்கு வயிறு வலிக்கும். நண்பருக்குப் பரிசு விழுந்தால் "எனக்கு வயிறு வலிக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்வது அங்கே சகஜம்.

இப்படி வரிசையாகப் பொருந்திக்கொண்டே வரும்போதுதான் ஏமாறுவோம்.

'கமக்வி நல்ஜா பே தொரொஜிந்தா': காக்கை பறக்கவும் பேரிக்காய் விழுந்தது. பார்த்ததும், "அட, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!" என்று தோன்றும். காக்கையும் பழமும் தற்செயலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் நாம் இதை எங்கே சொல்கிறோம்? தற்செயலாக நடந்ததற்கு யாராவது பெருமை தேடிக்கொள்ளும்போது. அமைச்சர் வந்த அன்று மழை பெய்தது, அவர் ராசிதான் காரணம் என்று ஒருவர் சொன்னால், காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்ததய்யா என்று மட்டம் தட்டுவோம்.

கொரியக் காக்கைக்குப் பெருமை கிடையாது. அது சந்தேகத்துக்கு ஆளான காக்கை. அது பாட்டுக்குப் பறந்தது, அந்த நேரம் பார்த்துப் பழம் விழுந்தது, எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். அலுவலகப் பிரிண்டரில் ஒரே ஒரு தாள் எடுத்துவிட்டு நகர்கிறீர்கள், அடுத்த நொடி அது நின்றுபோகிறது, பின்னால் நிற்பவர் உங்களை ஒரு மாதிரி பார்க்கிறார். அப்போது சொல்ல வேண்டியது இது. இதற்கே 'ஒபிஇரக்' என்று சீன எழுத்து வழிவந்த நாலெழுத்து வடிவமும் உண்டு. அரசியல் செய்திகளில் அதை அடிக்கடி பார்க்கலாம்: விசாரணை அறிவிப்பும் தேர்தலும் ஒரே சமயத்தில் வந்தால், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மறுக்கிறவர் வாயில்.

மேலாளர் உங்களிடம், "நீங்கள் வந்த பிறகு விற்பனை ஏறியிருக்கிறது" என்று பாராட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கமாகப் பதில் சொல்வதாக நினைத்துக் காக்கையையும் பேரிக்காயையும் எடுத்துவிட்டால், அவர் உங்கள் மேல் ஏதோ பழி சுமத்தியது போலவும் நீங்கள் கையை உதறுவது போலவும் ஆகிவிடும்.

'படத்தில் உள்ள த்தொக்' இன்னொரு பொறி. ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்போம். நாம் ஏட்டுச் சுரைக்காயை அனுபவமில்லாத படிப்பறிவுக்குச் சொல்கிறோம். கொரியர்கள் படத்து த்தொக்கை ஆசை இருந்தும் கைக்கு எட்டாததற்குச் சொல்கிறார்கள். சோல் நகரத்து அடுக்குமாடி வீடு, சம்பளக்காரருக்குப் படத்து த்தொக். நம்மிடம் அதற்குச் சரியான ஜோடி எட்டாக்கனி.

'மாட்டைத் தொலைத்துவிட்டுத் தொழுவத்தைச் சரிசெய்வது' கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரத்துக்கு அருகில் வரும். ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய விபத்து நடந்து அரசு அவசர அவசரமாக விதிகளை மாற்றும்போது பத்திரிகைகள் இதைக் குத்தலாக எழுதும். உடனே இன்னொருவர், "மாடு போனாலும் தொழுவத்தைச் சரிசெய்யத்தான் வேண்டும், அடுத்த மாடு இருக்கிறதே" என்று அதே பழமொழியைத் திருப்பிப் பேசுவார். கெட்ட கண் திரும்பாது, தொழுவத்தைச் சரிசெய்யலாம். அதனால் கொரியத்தில் வாதத்துக்கு இடம் இருக்கிறது.

ஆகவே ஜோடி கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். அதைச் சொல்கிறவர் பழி போடுகிறாரா, தேற்றுகிறாரா, தப்பிக்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள்.

படி 4: வாக்கியத்தில் மாட்டுங்கள்

பழமொழியைத் தனியாக, மேடையில் ஒப்பிப்பது போலச் சொன்னால் விசித்திரமாக இருக்கும். அதைத் தாங்கும் சட்டகங்கள் சில உண்டு. தமிழ் வாக்கிய வரிசை தெரிந்தவருக்கு இவை கஷ்டமே இல்லை.

'ஷிஜகி பனிரனுன் மரி இஸ்ஸொயோ': தொடக்கம் பாதி என்கிற சொல் உண்டு. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இது சற்று நிதானமான, எழுத்துக்கும் பொருந்தும் வடிவம்.

'ஷிஜகி பனிரகோ ஹஜனாயோ': தொடக்கமே பாதி என்கிறார்களே. அந்த 'ரகோ'தான் நம் 'என்று'. பேச்சில் அதிகம் வருவது இது. பழமொழி வினையில் முடிந்தால் 'ரகோ' வராது, 'தகோ' வரும்: 'தொரொஜிந்தாகோ ஹஜனாயோ'.

மூன்றாவது, நடந்துமுடிந்ததைப் பார்த்து, "சொன்ன மாதிரியே ஆச்சே" என்கிற தொனி. கடைசியில் 'தொனி' சேர்ப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் உள்ளே நுழைந்தால், 'ஹொராங்இதோ ஜே மல் ஹம்யொன் ஒந்தாதொனி' என்று இழுத்து நிறுத்தினாலே போதும். மீதி சிரிப்பு.

'கிணற்றுத் தவளை', 'படுத்துக்கொண்டு த்தொக் தின்பது' போன்றவை பெயர்த்தொடர்கள். அவற்றின் பின்னால் ஒரு 'யேயோ' போட்டால் வாக்கியம் ஆகிவிடும். ஆரம்பத்தில் இவைதான் சௌகரியம்.

நீளமானவற்றை முழுக்கச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. 'கனுன் மரி கொவயா...' என்று நிறுத்தினாலே எதிரில் இருப்பவர் மனதில் மீதியை முடித்துக்கொள்வார்.

படி 5: யாருக்கு மேலே, யாருக்குக் கீழே

வயதும் பதவியும் கொரியப் பேச்சை ஆள்கின்றன. வினைமுற்றில் மரியாதை சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. பழமொழிக்குள் இருக்கும் மிருகம் அப்படியே இருக்கிறது. 'குரங்கும் மரத்திலிருந்து விழும்' என்பது நம் ஆனைக்கும் அடி சறுக்கும். நாம் யானை என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது, பெரியவரிடமும் சொல்லலாம். தவறு செய்துவிட்ட மேலாளரைத் தேற்றப் போய் அவரைக் குரங்காக்கிவிடாதீர்கள். நண்பனுக்கும் தம்பிக்கும் சரி.

'நெற்கதிர் முற்ற முற்றத் தலை குனியும்' மிருகமே இல்லாதது, அழகானது. ஆனாலும் அது அறிவுரை. அறிவுரை மேலிருந்து கீழேதான் வரும். நீங்கள் இளையவர் என்றால் கேட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறீர்கள்.

மிருகத்தை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டால் பிரச்சினையே இல்லை. அதற்கென்றே ஒன்று இருக்கிறது: 'சொதாங் நாயும் மூன்று ஆண்டில் கவி பாடும்'. சொதாங் என்பது கொரியாவை முன்பு ஆண்ட சொசொன் அரசு காலத்தில் ஊர்ப்பிள்ளைகள் சீன எழுத்துகள் கற்ற பள்ளி, நம் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி. பாடம் காதில் விழுந்து விழுந்தே வாசல் நாய்க்கும் கவிதை வந்துவிட்டதாம். கம்பன் வீட்டுக் கட்டுத்தறிக்கு உறவுக்காரன் இந்த நாய். "நன்றாகக் கொரிய மொழி பேசுகிறீர்களே" என்று யாராவது பாராட்டினால், நான் சொதாங் நாய் என்கிற பாணியில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். காக்கை செய்ய முடியாத வேலையை இது செய்யும்.

படி 6: ஊசிப்போனவற்றை ஒதுக்குங்கள்

பட்டியல்களில் இருக்கும், ஆனால் வாயில் வரக்கூடாதவை சில. 'பெட்டைக்கோழி கூவினால் குடும்பம் நாசம்' என்பது ஒன்று. நம்மிடமும் அதன் தங்கச்சி இருக்கிறாள், இரண்டையும் விட்டுவிடலாம்.

'பத்து முறை வெட்டினால் விழாத மரமில்லை' கொஞ்சம் சிக்கலானது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிற விடாமுயற்சிப் பழமொழி. தேர்வுக்கு, வேலை தேடுவதற்கு இன்றும் சொல்லலாம். ஆனால் பெண் மறுத்தாலும் விடாமல் பின்னால் போகும் ஆணுக்கு ஊக்கம் கொடுக்கும் வசனமாகவும் இது நெடுங்காலம் இருந்தது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் தென்கொரியாவில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது காதல் பேச்சில் யாராவது இந்த மரத்தைக் கொண்டுவந்தால், பத்து முறை வெட்டுவது குற்றம் என்று இளைஞர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

'ஓடையில் டிராகன் பிறந்தது' என்பது ஏழை வீட்டுப் பிள்ளை பெரிய ஆளானதற்கு. சாதித்தவரின் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது, அவர் பெற்றோரை அழுக்கு ஓடை என்பதாகிவிடும். செய்திகளில் இப்போது பெரும்பாலும் எதிர்மறையாகவே வருகிறது: தனியார் பயிற்சிக்குக் கொட்டிக் கொடுக்கும் காலத்தில் ஓடையில் இனி டிராகன் பிறக்காது என்று.

படி 7: நோட்டும் அகராதியும்

தென்கொரிய அரசின் தேசிய கொரிய மொழி நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் இரண்டு அகராதிகளைப் பயன்படுத்துங்கள். 1999இல் வெளியான பெரிய அகராதி கொரியத்திலேயே விளக்கும். கற்பவர்களுக்கான அடிப்படை அகராதியில் ஆங்கில விளக்கமும் உண்டு, தமிழ் இல்லை. பொருளை அங்கே பார்த்த கையோடு, பழமொழியின் முதல் இரண்டு சொற்களை ஹங்குலில் தட்டி, கொரியத் தேடுதளமான நேவரின் செய்திகளில் தேடுங்கள். யாரைப் பற்றி எழுதுகிறார்கள், பாராட்டா திட்டா என்பது தலைப்புகளிலேயே தெரிந்துவிடும். வாரம் ஒன்று போதும்.

நோட்டில் பொருளை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே யார் யாரிடம் சொன்னார், அதற்கு முன் என்ன நடந்தது, கேட்டவர் என்ன செய்தார் என்று மூன்று வரி எழுதுங்கள். தொடரில் ஒரு பாட்டி பேரனிடம் சொன்னதா, அலுவலகத்தில் துணை மேலாளர் புது ஆளிடம் சொன்னதா என்பது முக்கியம். கொரிய மொழித்திறன் தேர்வான டாபிக் 2 எழுதுபவர்களுக்கும் இந்த மூன்று வரிதான் கைகொடுக்கும். வாசிப்புப் பகுதியில் ஒரு பத்தியைக் கொடுத்து, காலியிடத்துக்குப் பொருந்தும் மரபுத்தொடரையோ பழமொழியையோ எடு என்று கேள்வி வருவதுண்டு. சூழலை வைத்துத்தான் அதை அடிக்க முடியும். சென்னையில் இருப்பவர்கள், அங்குள்ள இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையம் நடத்தும் கொரிய வகுப்புகளில் ஆசிரியரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், நீங்கள் சொல்வதற்கு முன்னால் பலமுறை கேட்கத்தான் போகிறீர்கள். ஒருவர் பழமொழி சொன்னதும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல், புரிந்திருந்தால் 'குரொகேயோ' என்று சொல்லுங்கள். நம் 'அதானே'. புரியவில்லை என்றால் 'முசுன் த்துஷியேயோ?', அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். சாப்பாட்டு மேசையில் உடனே கேளுங்கள், எல்லாரும் போட்டி போட்டு விளக்குவார்கள். அலுவலகக் கூட்டத்தில் என்றால் குறித்து வைத்துக்கொண்டு, காபி குடிக்கப் போகும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.